நீலச் சாயமும் சிவப்பு வெளிச்சமும்

தேயிலையில் இரும்பு வாடை அடிக்கிறது என்று முதலில் சொன்னவன் நான்தான். அதை நம்பியவனும் நான் ஒருவன்தான்.

மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத் தொழிற்சாலையில் நான் டீமேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து தூளாகிச் சாக்கில் ஏறும்வரை எல்லாம் என் பொறுப்பு. காலையில் முதல் வேலை, முந்திய நாள் தூளை ஊற்றி ருசி பார்ப்பது. நீளமான மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். கரண்டியில் அள்ளி, சத்தம் வர உறிஞ்சி, நாக்கில் ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்திலுள்ள தகரப் பீப்பாயில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர வேண்டும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அசிங்கமாக இருக்கும். எனக்கு அது பழகிப்போய், வீட்டில் ரசம் குடித்தாலும் உறிஞ்சும் சத்தம் வருகிறது என்று மனைவி சொல்வாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள், மூன்றாவது கோப்பையில் நாக்கின் ஓரத்தில் ஏதோ தட்டியது. பழைய சாவியை வாயில் வைத்தது போல. நான்காவதிலும் அதே. எல்லாக் கோப்பையிலும் அதே.

உதவி டீமேக்கரைக் கூப்பிட்டேன். அவன் வரிசை முழுவதையும் உறிஞ்சித் துப்பிவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையே ஐயா. நல்லாத்தானே இருக்கு" என்றான்.

"நல்லாப் பாரு. இரும்பு மாதிரி இல்ல?"

மறுபடியும் உறிஞ்சினான். "இல்லைங்க ஐயா."

கெட்டிலை மாற்றச் சொன்னேன். தண்ணீரை வேறு ஊற்றிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். வாடை போகவில்லை. பிறகு ரோலர்மேல் சந்தேகம் வந்தது. கொழுந்தை உருட்டி நசுக்கும் இயந்திரம் அது. அதன் தட்டில் எங்காவது தேய்ந்து உலோகம் வந்தால் தூளில் கலக்கும். ஃபிட்டரைக் கூப்பிட்டுக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். அவர் டோர்ச் அடித்து, விரலால் தடவி, வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினார். துணியில் பச்சைக் கறைதான் இருந்தது. தோட்ட மேனேஜரான பெரிய துரையும் வந்து ஒரு கரண்டி உறிஞ்சிவிட்டு, "ஒண்ணும் இல்ல டீமேக்கர், நல்ல லிக்கர்" என்று தேநீரைப் புகழ்ந்துவிட்டுப் போனார். கொழும்பில் தூளை ருசி பார்க்கும் தரகர்களிடமிருந்து வந்த அறிக்கையிலும் குறை எதுவும் சொல்லப்படவில்லை.

எல்லாருடைய நாக்கும் மந்தமாகிவிட்டது, என் நாக்கு மட்டும் கூர்மையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நுவரெலியாவில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு நானும் மனைவியும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் அவள் பேரிக்காய் வாங்கியிருந்தாள். நுவரெலியாப் பேரிக்காய் எப்படியென்று தெரியும். கல் மாதிரி இருக்கும், ஆனால் தின்ன ஆரம்பித்தால் விட முடியாது. ஒன்றைத் துடைத்து எனக்குக் கொடுத்தாள். கடித்தேன். கீழ்வரிசையில் ஒரு பல் இலேசாகச் சாய்ந்து கொடுத்தது போலிருந்தது. காயை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தால், வெள்ளைச் சதையில் பல் பதிந்த இடம் முழுவதும் சிவப்பு.

இரும்பு வாடை எங்கிருந்து வந்தது என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. தேயிலையில் குறையில்லை. என் வாயிலிருந்த இரத்தம்தான் அது.

மனைவி காயைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. "இது இன்னைக்கு நேத்து வர்றதில்லைங்க" என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தலகாணி ஒறையில கறை இருக்கும். நான்தானே தொவைக்கிறேன்." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "வாடையும் இருக்குங்க" என்றாள்.

"வாயிலயா?"

ஆமென்று தலையை ஆட்டினாள்.

"எத்தன நாளா? ஏன் சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? நாள் பூரா வாயால வேல செய்ற மனுசன்கிட்ட போயி, ஒங்க வாய் நாறுதுன்னா?"

பஸ் வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டு போனது. நான் மீதிக் காயைத் தாளில் சுற்றிப் பையில் வைத்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட அதிகமாக ஒரு கேள்வி குடைந்தது. இத்தனை நாளும் எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? யோசித்துப் பார்த்தால் காரணம் இருந்தது. மற்றவர்கள் வெள்ளைத் தொட்டியில் துப்புவார்கள், சிவப்பைப் பார்ப்பார்கள். நான் காலையில் பனிமூட்டத்துக்குள் வெளியே தண்ணீர்ப் பைப்படியில் நின்று பல் துலக்கிவிட்டு, தண்ணீர் ஓடும் கானில் துப்புகிறேன். பிறகு நாள் முழுவதும் துப்புவது செம்புநிறச் சாயத்தை. அதில் இரத்தம் கலந்தால் யாருக்குத் தெரியும்? நாக்கு ஒன்றுதான் கண்டுபிடித்தது. அது சொன்னதைத்தான் நான் தப்பாக விளங்கிக்கொண்டேன்.

மறுவாரம் ஹட்டனுக்குப் போனேன். பஸ் நிலையத்துக்கு மேலே, துணிக்கடை ஒன்றின் மாடியில் ஒரு பல் கிளினிக் இருக்கிறது. டொக்டர் சிங்களப் பெண். என் மகள் வயது இருக்கும். தமிழ் மெதுவாகப் பேசுவார். கஷ்டமான இடம் வந்தால் சிங்களத்துக்குத் தாவிவிடுவார். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால் எங்களுக்குள் தடை இருக்கவில்லை.

காத்திருக்கும் அறையில் ஒரு சுவரொட்டி இருந்தது. தமிழில் 'முரசு நோய்' என்று போட்டிருந்தது. நாங்கள் வீட்டில் ஈறு என்றுதான் சொல்வோம். உள்ளே போனதும் டொக்டர் அதையே 'விதுருமஸ்' என்றார். என் காதுக்கு அது கண்ணாடித் தசை என்பது போலக் கேட்டது. சரியான பொருள் அதுதானா என்று இன்றுவரை தெரியாது. ஒரே சதைக்கு மூன்று பெயர். மூன்றும் தெரிந்திருந்தும் அதை நான் ஒரு நாளாவது கண்ணாடியில் உதட்டைத் தூக்கிப் பார்த்ததில்லை.

டொக்டர் ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார். அதன் முனையில் கோடு கோடாக அளவு போட்டிருந்தது. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு இடத்திலும் எண்ணைச் சொல்ல, உதவிக்கு நின்ற பெண் எழுதிக்கொண்டாள். "துனய், துனய், ஹதரய், ஹயய்." மூன்று, மூன்று, நான்கு, ஆறு.

வாயைத் திறந்தபடி கேட்க முடியாததால், அவர் கம்பியை எடுக்கும்வரை காத்திருந்தேன். "டொக்டர், இது என்ன கணக்கு?"

"பள்ளம், அங்கிள். பல்லுக்கும் முரசுக்கும் நடுவுல பை மாதிரி இருக்கு. எத்தன மில்லிமீட்டர் ஆழம்னு பாக்கிறேன். மூணு வரைக்கும் சரி. ஆறு சரியில்ல."

"ஆறுக்குள்ள என்ன இருக்கு?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வேற யாரும் அதக் கேக்கிறதில்ல. வலிக்குமான்னுதான் கேப்பாங்க."

பிறகு சிங்களத்தில் விளக்கினார். பல்லின் அடியில் கறை கல்லாக இறுகிவிடும். அந்தக் கல்லின் மேல் பக்டீரியாக்கள் பசை போல ஒட்டிக் குடியிருக்கும். அவற்றோடு சண்டை போடப் போய், உடம்பு தன் சொந்த எலும்பையே கரைத்துக்கொள்ளும். பல் ஆடுவது அதனால்தான். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறதா, புகை பிடிப்பீர்களா என்று கேட்டார். இரத்தம் பரிசோதிக்க அனுப்பினார். அதில் குறையிருக்கவில்லை.

மரக்க ஊசி போட்டு, பல்லின் வேர்ப்பக்கம்வரை சுரண்டிச் சுத்தம் செய்தார். ஒரு நாள் வலது பக்கம், இன்னொரு நாள் இடது பக்கம். வாய்க்குள் கல் சுரண்டும் சத்தம் மண்டைக்குள் கேட்டது. அதற்குப் பிறகு வந்தது எனக்குப் பெரிய சோதனை. சூடு பட்டால் பல் கூசியது. ருசி மேசையில் ஆறிய தேநீரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்தக் கொதியில்தான் எல்லாம் தெரியும். உதவி டீமேக்கர் உறிஞ்ச, நான் பக்கத்தில் நின்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிட்டர் வந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தை அவரிடம் சொல்லியிருந்தேன். "அப்ப ரோலரு தப்பிச்சிருச்சு. ஐயா வாயத்தான் கழட்டணும்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வாய்க்குள் காற்றுப் பட்டுக் கூசியது.

சில வாரம் கழித்து டொக்டர் மறுபடியும் அளந்தார். நிறைய இடங்களில் ஆழம் குறைந்திருந்தது, இரத்தமும் இல்லை. ஆனால் பின்பக்கத்தில் சில பள்ளங்கள் பிடிவாதமாக நின்றன. அவற்றில் கம்பி பட்டதும் இரத்தம் கசிந்தது.

"அங்கிள், ஈறை வெட்டித் திறந்து சுத்தம் பண்ணலாம். அதுக்கு முன்னுக்கு இன்னொண்ணு பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, மூலையிலிருந்த ஒரு சிறிய பெட்டியைக் காட்டினார். புதிதாக வந்த கருவி. அதிலிருந்து ஒரு வயர். வயரின் நுனியில் பேனா மாதிரி ஒரு பிடி. அதன் முனையில் ஊசி போல மெல்லிய கண்ணாடி இழை.

"என்ன அது?"

"லைட். பக்டீரியாவக் கொல்லும்."

வெளிச்சம் கொல்லும் என்பது எனக்குப் புரியவில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்தவன் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். "எப்படிக் கொல்லும்? சூட்டாலயா?"

"இல்ல, சூடே இல்ல." சிங்களத்துக்கு மாறினார். முதலில் பள்ளத்துக்குள் ஒரு நீலச் சாயத்தை விடுவார்களாம். அது பக்டீரியாவின் மேல் போய் ஒட்டிக்கொள்ளுமாம். பிறகு அந்தச் சிவப்பு வெளிச்சத்தை உள்ளே காட்டினால், சாயம் வெளிச்சத்தை உறிஞ்சி விழித்துக்கொண்டு, பக்கத்திலிருக்கும் ஒட்சிசனை உசுப்பிவிடுமாம். உசுப்பப்பட்ட ஒட்சிசன் பக்டீரியாவின் தோலைக் கிழிக்கும். ஆனால் அதன் ஆயுசு மிகக் கொஞ்சம் என்பதால் தூரத்துக்குப் போகாது. சாயம் தனியாக ஒன்றும் பெரிதாகச் செய்யாது, வெளிச்சமும் செய்யாது. இரண்டும் சேர வேண்டும், ஒட்சிசனும் இருக்க வேண்டும்.

ஒட்சிசன் என்றதும் நான் நிமிர்ந்தேன். என் தொழிலே அதுதான். உருட்டிய கொழுந்தைத் தட்டில் பரப்பி, காற்றுப் பட விட்டு, பச்சை போய்ச் செம்புநிறம் வரும் நேரத்துக்காகக் காத்திருப்போம். அது கொஞ்சம் குறைந்தால் பச்சை வாடை. கூடினால் சப்பென்று போய்விடும். காற்றிலிருக்கிற ஒட்சிசன் செய்கிற வேலை என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். தட்டில் மெதுவாக நடக்கிற ஒன்று என் ஈறுக்குள் ஒரு நொடியில் மூர்க்கமாக நடக்கப் போகிறது என்று எனக்குப் பட்டது. டொக்டரிடம் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணில்ல அங்கிள், ஆனா சொந்தக்காரங்க" என்றார்.

"இதால எனக்குக் கட்டாயம் சொகமாகுமா?"

"கட்டாயம்னு சொல்ல மாட்டேன். சுரண்டித் துப்புரவாக்கினதுதான் முக்கியம். இது கூடவொரு உதவி. சில பேருக்கு நல்லா வேல செய்யுது. சில பேருக்குப் பெரிசா வித்தியாசம் தெரியிறதில்ல."

அவர் அப்படிச் சொன்னதால்தான் சரியென்றேன். எல்லாம் தீரும் என்று சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன்.

எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். அவர்களும் போட்டுக்கொண்டார்கள். முனை மழுங்கிய ஊசியால் நீலத்தைப் பள்ளங்களுக்குள் விட்டார் டொக்டர். குளிர்ச்சியாக இருந்தது. சாயம் ஒட்டுவதற்குச் சில நிமிடம் கொடுத்து, மிச்சத்தைத் தண்ணீரால் கழுவினார். பிறகு அந்த இழையை உள்ளே இறக்கினார். ஏதாவது நடக்கும் என்று உடம்பையெல்லாம் இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. சுடவில்லை, குத்தவில்லை. கருவி இடைக்கிடை 'பீப்' என்றது. டொக்டர் அடுத்த பல்லுக்குப் போனார். என் வாய்க்குள் ஒரு சாவு நடந்துகொண்டிருக்கிறது, எனக்கு அதைப் பார்க்கக்கூட முடியவில்லை.

"முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சு."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

விடுமுறை எடுக்காமல் நேராகத் தொழிற்சாலைக்குப் போனது என் முட்டாள்தனம். தூள் சலிக்கும் இடத்தில் பெண்கள் வேலையிலிருந்தார்கள். ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒருத்தி கையிலிருந்ததைப் போட்டுவிட்டாள். "ஐயோ, ஐயாவுக்கு வாயெல்லாம் நீலமா இருக்கே!"

"நாவப்பழம் தின்னீங்களா ஐயா?"

"இந்தக் காலத்துல ஏதுடி நாவப்பழம்? மை குடிச்சிட்டாரு!"

அங்கேயே நின்று விளக்க முயன்றேன். நீலம் ஒட்டுகிறது, சிவப்பு வெளிச்சம் விழுகிறது, ஒட்சிசன் விழித்துக்கொள்கிறது என்று. அவர்கள் கேட்கவில்லை. நீல நாக்கோடு ஒருவன் விஞ்ஞானம் பேசினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஆனால் எனக்கு அது மனதைவிட்டுப் போகவில்லை. டொக்டர் சாயத்தின் பெயரை மெதிலீன் புளு என்று சொல்லியிருந்தார். மீன்களுக்கு விடுகிற மருந்துதான் என்றும் சொல்லியிருந்தார். அடுத்த முறை ஹட்டனுக்குப் போனபோது அலங்கார மீன் விற்கிற கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் முஸ்லிம், வெள்ளைத் தொப்பியோடு ஒரு தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றார். மெதிலீன் புளு இருக்கிறதா என்றேன்.

"இருக்கு. மீனுக்கு வெள்ளப் புள்ளி போட்டிருச்சா?"

"இல்லைங்க, சும்மா பாக்கத்தான்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இருந்தாலும் அலுமாரியின் உள்தட்டிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துத் தந்தார். "தொட்டியில விட்டா லைட்ட அணச்சிருங்க. வெளிச்சம் படப்படாது."

"ஏங்க?"

"அப்படித்தான் சொல்றாங்க. காரணம் தெரியாது. நான் அணச்சுத்தான் வைக்கிறது."

டொக்டர் எதை நம்பி வேலை செய்கிறாரோ, அதற்குப் பயந்து இவர் விளக்கை அணைக்கிறார்.

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்திலுள்ள தொழிலாளர் லயத்திலிருந்து காலையில் பசும்பால் வரும். அதில் இரண்டு கிளாஸ் எடுத்து, நுனிக் கரண்டி தயிர் கலந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நீலம் விட்டேன். இரண்டும் மெல்லிய நீலமாயின. ஒன்றை அலுமாரிக்குள் இருட்டில் வைத்தேன். மற்றதைச் சுற்றி, தீபாவளிக்கு வாசலில் கட்டுகிற சிவப்பு லைட் சரத்தைப் போட்டு எரியவிட்டேன்.

மனைவி சமையலறைக்குள் வந்து நின்றாள். "என்னங்க இது?"

"பரிசோதன."

"பாலுக்கு எதுக்குங்க சீரியல் லைட்டு?"

"பக்டீரியா சாகுதான்னு பாக்கிறேன்."

"அது சாகுமோ சாகாதோ, அந்தக் கிளாஸ நான் இனிமே தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் அரைமணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவளும் வந்து எட்டிப் பார்த்தாள்.

மத்தியானம் தாண்டியதும் ஒன்றைக் கவனித்தேன். இருட்டிலிருந்த கிளாஸில் நீலம் மறைந்து பால் வெள்ளையாகிவிட்டது. மேலே மட்டும் வளையம் போல ஒரு மெல்லிய நீலம். வெளிச்சத்திலிருந்த கிளாஸிலும் அப்படியே. இரண்டுக்கும் வித்தியாசமில்லை. ஒரு கரண்டியால் கலக்கினேன். வெள்ளைப் பால் மறுபடியும் நீலமானது! வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக மறுபடியும் வெளுத்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளே கரண்டியை வாங்கிக் கலக்கினாள். நீலமானது. "கண்கட்டு வித்த மாதிரி இருக்குங்க" என்றாள். அன்று மாலைவரை இரண்டு பேரும் மாறி மாறிக் கலக்கிக்கொண்டிருந்தோம்.

பரிசோதனை தோற்றுவிட்டது என்றுதான் டொக்டரிடம் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து கேட்டார், முகத்தில் சிரிப்பு. "கம்பஸுக்குப் படிக்கப் போன புதுசுல நாங்களும் இதச் செஞ்சோம் அங்கிள். பால் நல்ல பாலான்னு பாக்கிறதுக்கு. பக்டீரியா ஒட்சிசன முடிச்சிரும். ஒட்சிசன் முடிஞ்சா நீலம் வெளுக்கும். கலக்கினா காத்து உள்ள போகும், திரும்பவும் நீலம் வரும்."

"அப்படின்னா அந்த மேல் வளையம்?"

"மேல காத்து படுதே."

"அது சரி, லைட்டு ஏன் கொல்லல?"

"ஒங்கட லைட்டு கலியாண வீட்டு லைட்டு. இது வேற. அதோட, பாலுக்குள்ள வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும்?" மேசையிலிருந்த பேனாவை எடுத்து என் பல்லைக் காட்டுவது போலக் காட்டினார். சிங்களத்தில் சொன்னார்: வெளிச்சம் போய்ச் சேராத இடத்தில் ஒன்றும் நடக்காது. அதனால்தான் முதலில் கல்லையெல்லாம் சுரண்டி எடுத்தேன். கல் இருந்தால் பக்டீரியா அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். சாயமும் போகாது, வெளிச்சமும் போகாது.

மண்டைக்குள் கேட்ட அந்தச் சுரண்டல் சத்தத்துக்கு அப்போதுதான் மரியாதை வந்தது.

சில மாதம் கழித்து முழுவாயையும் அளந்தார்கள். இப்போது எண்கள் எனக்கு மனப்பாடம். உதவிப் பெண் எழுதும் முன்னே நானே மனதில் எழுதினேன். பெரும்பாலும் துனய். அங்கங்கே ஹதரய். கம்பி பட்ட இடங்களில் இரத்தமில்லை. கடைசிக் கடைவாய்ப்பல் ஒன்றில் மட்டும் ஹதய் என்றார். ஏழு. டொக்டரின் குரல் தாழ்ந்தது. அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாது, எலும்பு போய்விட்டது என்றார். அதைப் பிடுங்கினார்கள். அன்று சாயங்காலம் பஞ்சைக் கடித்தபடி பஸ்ஸில் வந்தபோது மனசு கொஞ்சம் கனத்தது. மற்றவை நின்றுவிட்டன. பேரிக்காயில் சாய்ந்து கொடுத்த பல்கூட இறுகிக்கொண்டது.

ருசி மேசையில் இரும்பு போயே போய்விட்டது. எந்த நாள் போனது என்று சொல்ல முடியவில்லை. ஒரு காலை, மழை விட்ட பிறகு பறித்த கொழுந்தின் தூள் அது. உறிஞ்சியதும் ஒரு பூவாசம் மூக்கின் பின்புறம்வரை ஏறியது. துப்ப மனமில்லாமல் அந்த ஒரு வாயை விழுங்கிவிட்டேன். உதவி டீமேக்கர் பார்த்துவிட்டு அடுத்த கோப்பையை என் பக்கம் நகர்த்தினான்.

டொக்டரிடம் ஒன்றைக் கேட்டேன். "எனக்குச் சொகமானது சுரண்டினதாலயா, லைட்டாலயா?"

"ஒங்கட ஒரு வாய வச்சுச் சொல்ல ஏலாது அங்கிள்."

"ஒரு பக்கத்துக்கு மட்டும் லைட் அடிச்சு, மத்தப் பக்கத்த விட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பாதி வாய சொகமாக்காம விடுங்கன்னு கேட்ட முதல் பேஷன்ட் நீங்கதான்."

வீட்டில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "எனக்கும் வருதுங்க" என்றாள்.

"என்ன வருது?"

"ரத்தம். பல்லு வெளக்கறப்ப. எல்லாருக்கும் வர்றதுதான்னு நெனச்சிருந்தேன்."

என் வாயின் வாடையை எனக்குச் சொல்லாதவள், தன் வாயின் இரத்தத்தையும் சொல்லவில்லை. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து ஹட்டனுக்குப் போனோம்.

அவளுக்கும் அளந்தார்கள், சுரண்டினார்கள், காத்திருந்தார்கள். என்னளவுக்கு மோசமில்லை, இரண்டு மூன்று பள்ளங்கள்தான் மிஞ்சின. வெளிச்சம் பிடிக்கிற நாளில் நான் வெளியே உட்காரப் போனேன். டொக்டர் கூப்பிட்டு ஒரு கறுப்புக் கண்ணாடியைத் தந்தார். "அங்கிள், உள்ள நின்னு பாருங்க. ஒங்களுக்குப் பாக்க வேணும்தானே?"

சுவரோரமாக நின்றேன். நீலம் விட்டார், காத்திருந்தார், கழுவினார். இழையை உள்ளே இறக்கிக் கருவியைத் தட்டினார். கறுப்புக் கண்ணாடிக்குள் எல்லாம் மங்கியிருந்தது. அந்த மங்கலில் மனைவியின் கன்னம் உள்ளிருந்து மெதுவாக ஒளிர்ந்தது. டோர்ச்சைக் கையால் பொத்தினால் விரல் ஓரங்கள் சிவக்குமே, அப்படி. சதை வழியாக வெளிச்சம் கசிந்து வந்தது. டொக்டர் இழையை நகர்த்த, அந்த ஒளியும் கன்னத்தில் நகர்ந்தது. எனக்கு நடந்தபோது என்னால் பார்க்க முடியாத ஒன்று, இத்தனை வருஷம் பக்கத்திலிருந்து பார்த்த முகத்தில் நடந்துகொண்டிருந்தது. அவள் கைகள் இரண்டும் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்திருந்தன. நான் மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

முடிந்ததும் அவள் எழுந்து, வாயைக் கொப்பளித்துவிட்டு, டொக்டரைப் பார்த்து முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டாள். "மிஸ், செத்ததெல்லாம் எங்க போகும்?"

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் இதைக் கேட்டதேயில்லை.

"கொஞ்சம் இப்ப துப்பினதோட போயிட்டு" என்றார் டொக்டர். "கொஞ்சம் முழுங்கியிருப்பீங்க, அது வயித்துல கரஞ்சிரும். மிச்சத்த உடம்பே துப்புரவாக்கும்."

"திரும்ப வராதா?"

"செத்தது வராது. புதுசு வரும். அதனாலதான் ஒவ்வொரு நாளும் நல்லாப் பல்லு துலக்கணும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நீல வாயை யாரும் பார்க்கக்கூடாதென்று தலைப்பால் மூடியிருந்தாள். டிக்கோயா தாண்டியதும் துணிக்குள்ளிருந்தே, "ஏங்க, நல்ல பக்டீரியாவும் இருக்குன்னு டிவில சொன்னாங்களே, இந்த வெளிச்சம் அதையும் சேத்துக் கொல்லுமா, இல்ல கெட்டதப் பாத்துத்தான் கொல்லுமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசிக்க ஆரம்பித்தாள்.